சண்டைப்பட போஸ்டர் சேர்க்கிறவர்கள்: அசலா, மறுஅச்சா, எங்கே கிடைக்கும், எப்படி வைப்பது?

செந்தூல்வாசி:

தம்பி கல்யாணமாகி ரவாங் பக்கம் வீடு பார்த்துப் போய்விட்டான். அவன் அறை இனி என் கையில். அதில் ஒரு சுவர் முழுக்கச் சண்டைப்பட போஸ்டர் மட்டும் மாட்டுவதாக இருக்கிறேன். காதல் படம், குடும்பப் படம் எதற்கும் அங்கே இடமில்லை.

என் ரசனை எப்படி என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் சரியாக வழிகாட்டுவீர்கள். நல்ல சண்டைப் போஸ்டரில் அடி விழுந்திருக்கக் கூடாது. கால் கிளம்பியிருக்க வேண்டும், எதிராளி அதைப் பார்த்திருக்க வேண்டும், நடுவில் ஒரு சாண் காற்று இருக்க வேண்டும். விழுந்த பிறகு காட்டினால் கதை முடிந்துபோச்சு, டிக்கெட் யார் வாங்குவார்? கையால் வரைந்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. புகைப்படம் எடுப்பவர் அந்த ஒரு நொடிக்காகக் காத்திருக்க வேண்டும். ஓவியர் காலை இன்னும் கொஞ்சம் நீட்டிவிடலாம், முதுகை எலும்பு அனுமதிக்காத அளவுக்கு வளைத்துவிடலாம். 1973இல் 'எண்டர் தி டிராகன்' வந்தபோது அமெரிக்கப் போஸ்டரை வரைந்தவர் பாப் பீக். 1982இல் 'ஃபர்ஸ்ட் பிளட்' போஸ்டரை வரைந்தவர் ட்ரூ ஸ்ட்ரூசன். நம் பக்கம் ஈஸ்வர், பரணி என்று டைட்டிலில் ஓடும் பெயர்களை யாரும் நின்று படிப்பதில்லை. தியேட்டருக்குக் கூட்டம் சேர்த்ததில் அந்தக் கைகளுக்கும் பங்கு உண்டு.

இப்போது வருவதைப் பாருங்கள். நாயகன் முகம், கறுப்புக் கண்ணாடி, பின்னால் புகை. நிற்கிறார், நடக்கிறார், திரும்பிப் பார்க்கிறார். யாரும் யாரையும் அடிப்பதாகவே தெரியவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். அசல் போஸ்டர்தான் வாங்க வேண்டுமா, மறுஅச்சு போதுமா? கேஎல்லில் (கோலாலம்பூரில்) எங்கே தேடுவது? நம் ஊர் ஈரக்காற்றில் காகிதத்தை எப்படிக் காப்பாற்றுவது?

பத்துமலைப்படி:

இணையத்தில் பதினைந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) மறுஅச்சு கிடைக்கிறது. சட்டம் போட்டு மாட்டினால் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒன்றுதான். அசல் அசல் என்று எதற்குக் காசைக் கரைக்கணும்? சுவருக்குத்தானே வாங்குகிறீர்கள், ஏலத்துக்கா?

காகிதப்பூச்சி:

பத்துமலைப்படி சொல்வது தப்பில்லை, ஆனால் ஒரு நிபந்தனை. மறுஅச்சு என்று தெரிந்து பதினைந்து வெள்ளி கொடுப்பது வேறு. அசல் என்று நம்பி முந்நூறு கொடுத்துவிட்டு மறுஅச்சோடு வீட்டுக்கு வருவது வேறு. நான் பினாங்கில் புத்தகக் கட்டுமானமும் காகிதப் பழுதும் பார்க்கிறவன், இரண்டாவது ரக ஆட்கள்தான் என்னிடம் வருகிறார்கள்.

முதலில் அளவு நாடா எடுத்துக்கொண்டு போங்கள். பழைய அமெரிக்க ஒன்-ஷீட், அதாவது தியேட்டரில் மாட்டும் வழக்கமான போஸ்டர், 27க்கு 41 அங்குலம். எண்பதுகளுக்குப் பிறகு 27க்கு 40 ஆனது. குவாட் என்ற பிரிட்டிஷ் தியேட்டர்ப் போஸ்டர் படுக்கைவாட்டில் 40 அகலம், 30 உயரம். யாராவது '1973 அசல்' என்று 24க்கு 36 அங்குலத்தில் ஒன்றை விரித்தால் மடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். அது கடையில் விற்பதற்காகவே அச்சடிக்கும் அளவு.

அடுத்தது மடிப்பு. எண்பதுகளின் முற்பகுதி வரை அமெரிக்கப் போஸ்டர்கள் பெரும்பாலும் மடித்துத்தான் தியேட்டருக்குப் போயின. அதனால் பழைய தாளில் மடிப்பு இருப்பது குறையல்ல, சாட்சி. ஏமாற்றுகிறவர்கள் மடித்த அசலை ஸ்கேன் செய்து அடிக்கிறார்கள். அதில் மடிப்புக் கோடு கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள்.

கீழ் ஓரத்தில் பொடியாக ஓர் எண்ணும் இருக்கும். நேஷனல் ஸ்க்ரீன் சர்வீஸ் என்ற நிறுவனம்தான் அங்கே போஸ்டர் விநியோகம் பார்த்தது. 73 என்று தொடங்கி, சாய்கோடு, பிறகு வரிசை எண் என்று இருந்தால் 1973ஆம் ஆண்டுப் படம். முன்னால் ஆர் எழுத்து நின்றால் மறுவெளியீடு. தொண்ணூறுகளுக்குப் பிந்தியது என்றால் பின்பக்கம் திருப்புங்கள். விளக்குப் பெட்டியில் மாட்டுவதற்காக முதுகிலும் அதே படத்தைக் கண்ணாடி பிம்பமாக, கொஞ்சம் வெளிறலாக அச்சடித்திருப்பார்கள். மறுஅச்சுக்காரன் அவ்வளவு சிரமப்பட மாட்டான்.

செந்தூல்வாசி:

அண்ணே, இதைத்தான் எதிர்பார்த்தேன். தமிழ்ப் போஸ்டருக்கும் இதே சோதனைகள் செல்லுமா?

காகிதப்பூச்சி:

பாதி செல்லும். சிவகாசித் தாள் மெல்லிசு. ஒட்டுவதற்கு அச்சடித்தது, பத்திரப்படுத்துவதற்கு அல்ல. பழைய ஆப்செட் அச்சைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் புள்ளிகள் பூப்போல வட்டம் கட்டி நிற்கும். நிறம் நிறமாகத் தனித்தனியே அச்சானதால் சில இடங்களில் சிவப்பு ஒரு மயிரிழை விலகி, நாயகன் உதட்டுக்கு இரண்டு ஓரம் இருக்கும். அந்த விலகல் எனக்குப் பிடிக்கும். இப்போதைய இங்க்ஜெட் பிரதியில் புள்ளி மணல் தூவினது மாதிரி ஒழுங்கில்லாமல் கிடக்கும். கீழ்க்கோட்டில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்கேன் பிரதியில் அந்த எழுத்து கூழாகியிருக்கும்.

பழையரீல்:

தம்பிகளா, நீங்கள் தாளைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் பலகையைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் தியேட்டர் நெற்றியில் மாட்டியது அச்சடித்தது இல்லை, வரைந்தது. பெரும்பாலும் சீன ஓவியர்கள். தியேட்டரின் பின்கட்டில் பலகையைச் சாய்த்து, போஸ்டரில் கட்டம் போட்டு, பலகையிலும் பெரிய கட்டம் போட்டு, கட்டம் கட்டமாக முகத்தைக் கொண்டுவருவார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் மூக்கு பச்சையாக இருக்கும், கன்னம் ஊதாவாக இருக்கும். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றால் அதுவே எம்ஜிஆர். நிழலுக்குப் பச்சை அடிக்கலாம் என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது.

படம் தூக்கியதும் பலகை மேல் வெள்ளை அடித்துவிடுவார்கள். அடுத்த வாரத்து நாயகன் அதே பலகையில் ஏறுவார். நம்பியார் மேல் ஜாக்கி சான், ஜாக்கி சான் மேல் இன்னொருவர். அதனால்தான் இன்றைக்கு ஒரு பலகைகூடக் கண்ணில் படுவதில்லை. வினைல் அச்சு வந்த பிறகு அந்தத் தொழிலே போச்சு. தைவானில் தைனான் நகரத்து சின் மென் தியேட்டரில் மட்டும் யான் ஜென்-ஃபா என்ற பெரியவர் கையால் வரைந்துகொண்டிருப்பதைச் செய்தியில் காட்டினார்கள். பார்த்து வயிறு எரிந்தது, நம் ஊரில் ஒருவரையாவது பிடித்து வைத்திருக்கலாமே என்று.

எங்கே தேடுவது என்று கேட்டாய். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் கோலிசியம் இருக்கிறது, 1936இல் திறந்த ஒடியன் கட்டடம் இருக்கிறது. அங்கே போய்க் கட்டடத்தை வேண்டுமானால் பார்க்கலாம், தாள் கிடைக்காது. தாளுக்கு ஞாயிற்றுக்கிழமை பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் சந்தைக்குப் போ. ஜாலான் சுல்தானில் பழைய ரெக்ஸ் தியேட்டர் இப்போது ரெக்ஸ்கேஎல் என்று ஆகியிருக்கிறது, அங்கேயும் பழம்பொருள் போடுகிறார்கள். விலை கேட்டுத் தலை சுற்றினால் நான் பொறுப்பில்லை.

தீக்குச்சி:

பினாங்குக்காரி வந்துவிட்டேன். லோரோங் கூலிட் சந்தையை யாரும் சொல்லவில்லையே! சிட்டி ஸ்டேடியம் பக்கத்தில், காலையில் சீக்கிரம் போகணும். பத்து மணிக்கு மேல் போனால் பழைய செருப்பும் ஓடாத கடிகாரமும்தான் மிஞ்சும். போஸ்டரை விட அங்கே துண்டுப் பிரசுரம், ஸ்டில் போட்டோ, பாட்டுப் புத்தகம் அதிகம். மலாய் எழுத்தைப் பார்த்தே வயதைக் கணிக்கலாம். தியேட்டர் என்பதற்கு 'பங்கோங்' என்று போட்டிருந்தால் 1972 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம், 'பங்குங்' என்றால் பிந்தியது. புதுத் தாளுக்கு இன்னொரு கணக்கு. உள்ளூர்ப் போஸ்டரில் 18எஸ்ஜி என்ற தணிக்கைக் குறி இருந்தால் அது 1996க்கும் 2010க்கும் இடைப்பட்டது. சண்டைப்பட ரசிகர்களுக்கு அந்தக் குறி ரொம்ப வேண்டியதாச்சே, எஸ்ஜி என்றால் 'செராம், கானாஸ்', திகிலும் வன்முறையும். பி13 என்றிருந்தால் 2010க்குப் பிந்தியது.

இன்னொன்று, எல்லை தாண்டினால் ஹாட்யாய். தாய்லாந்துப் போஸ்டர் பார்த்திருக்கிறீர்களா? தோங்டீ பானுமாஸ் என்ற ஓவியரின் கையெழுத்து மூலையில் இருக்கும். ஹாலிவுட் படம், ஹாங்காங் படம் எல்லாவற்றுக்கும் அவர் தனியாக வரைந்திருக்கிறார். என்னிடம் ஒன்று இருக்கிறது, ஹாங்காங் போலீஸ் படம். நடுவில் நாயகன், தோளுக்கு மேல் வில்லன் முகம், இடுப்புப் பக்கம் ஹெலிகாப்டர், முழங்கால் பக்கம் வெடிக்கிற கார், காரின் கதவு தனியாகப் பறக்கிறது, அந்தக் கதவுக்குக் கீழே ஓடுகிற ஒரு பொடி மனிதன். அந்தப் பொடி மனிதனுக்கும் நிழல் போட்டிருக்கிறார்! படத்தில் அந்தக் கார் காட்சியே இல்லை என்பது வேறு விஷயம்.

அப்புறம் செந்தூல்வாசி அண்ணே, உங்கள் சுவரில் ஆம்பளைங்க மட்டும்தானா?

செந்தூல்வாசி:

இப்போதைக்குப் பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது 😅 சொல்லுங்கள், யாரைச் சேர்க்கலாம்?

தீக்குச்சி:

ஈப்போக்காரியை விட்டுவிட்டு மலேசியாவில் சண்டைச் சுவர் கட்டுவீர்களா? மிஷல் இயோ 1985இல் 'யெஸ், மேடம்' படத்திலேயே அடிக்க ஆரம்பித்துவிட்டார். 1992இல் 'போலீஸ் ஸ்டோரி 3'. ஓடுகிற ரயில் மேல் மோட்டார் சைக்கிளோடு பாய்வது அவரேதான், டூப் இல்லை. அதற்காகத்தான் வண்டி ஓட்டவே கற்றுக்கொண்டாராம். அந்தச் சண்டையும், ஜாக்கி ஹெலிகாப்டர் ஏணியில் தொங்குவதும் நம் கேஎல்லில் எடுத்தது. இரட்டைக் கோபுரம் முளைக்காத கேஎல். அந்த ஒரு காரணத்துக்காகவே அந்தப் படத்தின் போஸ்டர் எந்த நாட்டுப் பதிப்பாக இருந்தாலும் உங்கள் சுவரில் இருக்கணும்.

விஜயசாந்தியும் வேண்டும். 1990 தெலுங்கு 'கர்த்தவ்யம்' தமிழில் 'வைஜெயந்தி ஐபிஎஸ்' என்று வந்தது, அந்த நடிப்புக்குத் தேசிய விருது வாங்கினார். காக்கி உடையில் கதாநாயகி நடுவில் நிற்க, வில்லன்கள் ஓரத்தில் சின்னதாக. எத்தனை போஸ்டர் அப்படி வந்திருக்கிறது?

பத்துமலைப்படி:

ஒன்று கேட்கணும். ஒருவர் எனக்கு 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973 முதல் வெளியீட்டுப் போஸ்டர், தமிழ்நாட்டில் ஒட்டியது, நானூறு வெள்ளி என்று படம் அனுப்பியிருக்கிறார். மறுஅச்சே போதும் என்றவன்தான், ஆனால் வாத்தியார் படம் என்றதும் கை அரிக்கிறது.

பழையரீல்:

கையைக் கட்டிக்கொள். அந்தப் படம் வந்த நேரத்தில் அங்கே போஸ்டருக்கு வரியை ஏற்றிவிட்டார்கள். எம்ஜிஆர் தரப்பு போஸ்டருக்குப் பதிலாக ஸ்டிக்கர் அடித்து ஊர் முழுக்க ஒட்டியது. அந்த ஸ்டிக்கரை வடிவமைத்தவர் பாண்டு, பிற்பாடு நகைச்சுவை நடிகராக வந்தாரே, அவர்தான். ஆக, யாராவது 'தமிழ்நாட்டுச் சுவரில் ஒட்டிய முதல் வெளியீட்டுப் போஸ்டர்' என்றால் பத்து கேள்வி கேள். பிற்பாடு எத்தனையோ தடவை மறுவெளியீடு ஆன படம், அந்தத் தாளாக இருக்கும். மறுவெளியீட்டுத் தாள் கேவலம் என்று சொல்லவில்லை. நானூறு கொடுக்காதே என்கிறேன்.

அசல் ஸ்டிக்கர் ஒன்று கிடைத்தால் எனக்குச் சொல்லு. என் காடியை விற்றாவது வாங்குவேன்.

கோடும்கலரும்:

நான் வரைகலைக்காரன். இரண்டு பேச்சுக்குச் சேர்த்துப் பதில்.

செந்தூல்வாசி சொன்ன 'முகம், கண்ணாடி, புகை' புகாருக்கு ஒரு காரணம் இருக்கிறது. இப்போது போஸ்டர் முதலில் தெரிவது கைபேசியில், கட்டைவிரல் அளவில். அந்த அளவில் பறக்கிற காரும் ஓடுகிற பொடி மனிதனும் வெறும் அழுக்காகத்தான் தெரிவார்கள். முகம் மட்டும்தான் தாங்கும். தோங்டீ வரைந்தது சாலையில் நின்று பார்ப்பதற்கு. நான் வேலை செய்யும் இடத்தில் சண்டைக் காட்சி வைத்து ஒரு மாதிரி கொடுத்தால், 'முகத்தைப் பெரிசு பண்ணு' என்றுதான் திரும்பி வரும். எங்களைத் திட்டுங்கள், ஆனால் அளவாகத் திட்டுங்கள்.

இரண்டாவது, எல்லோரும் பழசையே துரத்துகிறீர்கள். கானா நாட்டில் எண்பது தொண்ணூறுகளில் வீடியோ பெட்டியும் ஜெனரேட்டரும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டினார்கள். அந்த ஓவியர்கள் மாவு மூட்டைச் சாக்கைப் பிரித்துத் தைத்து அதில் எண்ணெய் வண்ணத்தில் போஸ்டர் வரைந்தார்கள். படத்தையே பார்க்காமல் வரைந்ததும் உண்டு. படத்தில் இல்லாத பாம்பு, இல்லாத ரத்தம் எல்லாம் இருக்கும். இன்று வெளிநாட்டு ஓவியக் கூடங்கள் அதைத் தேடி வாங்குகின்றன. அதுபோல இங்கே வரைகிற பிள்ளைகளிடம் ஒரு போஸ்டர் வரையச் சொல்லி வாங்கலாமே? பினாங்கு ஹின் பஸ் டிப்போ ஞாயிறு சந்தையில் கையால் வரைந்து விற்கிறவர்களைப் பார்க்கலாம். உங்கள் வீட்டுச் சுவருக்கு ஒன்று வரைந்து தரச் சொல்வதில் பெரிய சிக்கல் வராது. நடிகர் முகத்தை நூறு பிரதி அடித்து விற்றால்தான் உரிமைப் பிரச்சினை.

ஏஐ போட்டுத் தள்ளியதை 'ஓவியம்' என்று விற்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். நேற்று ஒன்று பார்த்தேன், நாயகன் துப்பாக்கி பிடித்திருக்கிறார், விசையில் இரண்டு ஆள்காட்டி விரல்.

செந்தூல்வாசி:

கையால் வரையச் சொல்லும் யோசனை பிடித்திருக்கிறது. ஒன்று அப்படிச் செய்யலாம், நடுவில் மாட்ட. ஆனால் அடி விழுவதற்கு முந்தைய நொடிதான் வேண்டும், அதில் பேரமில்லை.

ஈரத்துக்கு வழி சொல்லுங்கள். அறை கிழக்கு பார்த்தது, ஒரு சன்னல், குளிர்சாதனம் இருக்கிறது, ஆனால் இரவில் மட்டும் போடுவேன்.

பழையரீல்:

லாமினேட் பண்ணிவிடு. வேலை முடிஞ்சுது. என் ஸ்டில் எல்லாம் லாமினேட்தான். வீட்டில் வெள்ளம் ஏறியபோதும் துடைத்து வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை.

காகிதப்பூச்சி:

ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. லாமினேட் சூட்டில் பசையை உருக்கித் தாளுக்குள் இறக்குகிறது. திரும்ப எடுக்க வழியே இல்லை. அசல் போஸ்டரை லாமினேட் செய்தால் அதன் விலை அந்த நிமிடமே விழுந்துவிடும். ஓரத்தில் ஊசிமுனை அளவு இடைவெளி இருந்தாலும் ஈரம் உள்ளே போய் வெளியே வர முடியாமல் பழுப்புப் புள்ளி போடும்.

பழையரீல்:

விலை விலை என்கிறாய். நான் விற்கப் போவதில்லையே. நான் போன பிறகு என் மகன் விற்கவும் போவதில்லை, பழைய பேப்பர்காரனிடம் போடுவான். என் ஆயுசுக்கு அது பளபளவென்று இருந்தால் போதும்.

காகிதப்பூச்சி:

அப்படியென்றால் சரி, நீங்கள் சொல்வது உங்களுக்கு நியாயம். செந்தூல்வாசி மறுஅச்சை லாமினேட் செய்யட்டும், அசலைத் தொட வேண்டாம்.

அசலுக்கு: சட்டத்தின் கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. நம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது வண்ணம் கண்ணாடியோடு வரும். நடுவில் அமிலமில்லாத அட்டையால் ஒரு ஓரம் கொடுக்கச் சொல்லுங்கள். சட்டம் போடும் கடையில் பின்னால் சாதாரண பலகைதான் வைப்பார்கள், அதற்கும் அமிலமில்லாத அட்டை கேளுங்கள். மாட்டாமல் வைக்கும் தாளுக்கு மைலார் (பாலியெஸ்டர்) உறை, பிவிசி வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். செலோடேப்பை வீட்டை விட்டே வெளியேற்றுங்கள்.

கிழக்குச் சன்னல் என்றீர்கள். காலை வெயில் படும் சுவரை விட்டுவிடுங்கள். வெயிலில் முதலில் போவது சிவப்பும் மஞ்சளும், நீலம் கடைசிவரை நிற்கும். பழைய கடைச் சுவர்களில் நாயகர்கள் எல்லாம் நீலமாக நிற்பது அதனால்தான். கண்ணாடிக்குப் பதில் புற ஊதா தடுக்கும் அக்ரிலிக் போடலாம், விலை கூடுதல், ஆனால் தள்ளிப்போடும், தடுக்காது.

ஈரப்பதம் இங்கே சாதாரணமாகவே எண்பது சதவீதத்தைத் தொடும். காகிதத்துக்கு ஐம்பது பக்கம் இருந்தால் நல்லது. குளிர்சாதனத்தை இரவில் போட்டுக் காலையில் நிறுத்துவதுதான் ஆபத்து, தாள் தினமும் சுருங்கி விரிந்து அலை அலையாகும். அந்தக் காசுக்கு ஒரு சின்ன ஈரமுறிஞ்சி இயந்திரம் வாங்கி நாள் முழுக்க ஓட விடுங்கள்.

தீக்குச்சி:

பூச்சிக்கு? என் பாட்டுப் புத்தகங்களை ராமபாணம் தின்றுவிட்டது. பாச்சை உருண்டை போடலாமா?

காகிதப்பூச்சி:

பாச்சை உருண்டை வேண்டாம், அந்தப் புகை தாளுக்கும் நல்லதில்லை உங்கள் மூக்குக்கும் நல்லதில்லை. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கம், மிளகு, பட்டை எல்லாம் பொடித்து, கொஞ்சம் கற்பூரம் சேர்த்துத் துணி முடிச்சாகச் சுவடிகளுக்குப் பக்கத்தில் வைப்பது வழக்கம். லிட்டில் இந்தியாவில் எல்லாமே கிடைக்கும். முடிச்சு தாளைத் தொடாமல் இருக்கட்டும், வாசம் போனதும் மாற்றுங்கள். ஆனால் அதற்கும் மேல், அட்டைப் பெட்டியைத் தரையில் வைக்காமல் இருந்தாலே பாதிப் பூச்சி வராது. கரையானுக்கு அட்டைப் பெட்டிதான் முதல் விருந்து.

பத்துமலைப்படி:

அந்த நானூறு வெள்ளிக்காரரிடம் பின்பக்கப் படமும் கீழ் ஓரத்து அச்சக வரியும் கேட்டேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை.

பழையரீல்:

வராது.

செந்தூல்வாசி:

இந்த ஞாயிறு அம்கோர்ப் போகிறேன், அளவு நாடாவும் பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு. மிஷல் இயோ கிடைத்தால் முதலில் அதுதான், தீக்குச்சி. கடைசியாக ஒரு சந்தேகம்: வாங்கியதும் சுருட்டி எடுத்து வரணுமா, மடித்தா?

காகிதப்பூச்சி:

ஏற்கெனவே மடித்திருந்தால் அதே மடிப்பில் கொண்டு வாருங்கள், புது மடிப்பு போடாதீர்கள். மடிக்காத தாளென்றால் சுருட்டுங்கள், ஆனால் கடைக்காரர் கொடுக்கும் ஒல்லிக் குழாயில் வேண்டாம். மூன்று அங்குலத்துக்குக் குறையாத குழாயை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். ரப்பர் பேண்ட் போட்டு இறுக்காமல் ஒரு துண்டுத் தாளைச் சுற்றி அதை மட்டும் ஒட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே வெளியே எடுத்து, சுத்தமான இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகம் நாலைந்து. ஒரு வாரம் அப்படியே கிடக்கட்டும், அதற்குள் சட்டக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.